ஏழாம் எண் உப்பு

சம்பளப் பதிவேட்டில் இருக்கும் பெயரைச் சொல்லிக் கேட்டால் அந்தக் கல்லூரியில் யாருக்கும் தெரியாது. உப்பக்கா என்றால் வாசல் காவலாளி கூட மாடிப்படியைக் காட்டுவார். வேதியியல் ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருடமாக அட்டெண்டர். டெஸ்ட் டியூப் கழுவுவது, பர்னருக்குக் கேஸ் திறப்பது, தேர்வு நாளில் பெரிய பாட்டில்களிலிருந்து உப்புகளைச் சின்னக் குப்பிகளில் கொட்டி எண் ஒட்டி வைப்பது எல்லாம் அவர் வேலை. குப்பிக்குள் இருப்பது என்ன உப்பு என்று மாணவர்கள் சோதனை செய்து கண்டுபிடிக்க வேண்டும். மூன்று மணி நேரம் கொடுப்பார்கள். உப்பக்காவுக்கு மூன்று விநாடி போதும்.

பார்த்தாலே தெரியும். தெரியாவிட்டால் குப்பியை லேசாகக் குலுக்குவார். லெட் எனப்படும் ஈய உப்பு என்றால் கை கனக்கும். அம்மோனியம் உப்பு என்றால் மூடியைத் திறக்கும்போதே மூக்கு சொல்லிவிடும் என்பார். எல்லா அம்மோனியம் உப்பும் மணக்காது என்று ஒரு பேராசிரியர் ஒருமுறை திருத்தினார். உங்களுக்கு மணக்காது சார் என்று பதில் வந்தது.

இப்படிப்பட்டவர் உப்பு கண்டுபிடிக்கும் தேர்விலேயே ஒருமுறை தோற்றிருக்கிறார்.

அட்டெண்டராக இருப்பவர் ஆய்வக உதவியாளர் ஆக வேண்டுமென்றால் எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் எழுத வேண்டும், ஐம்பது வயதுக்குள். எழுத்துத் தேர்வை முதல் தடவையே தாண்டினார். செய்முறைத் தேர்வில் கையில் கொடுத்த குப்பியைக் குலுக்கிப் பார்த்துவிட்டு ஐந்தே நிமிடத்தில் ‘லெட் நைட்ரேட்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார். விடை சரி. சோதனைகள் எழுத வேண்டிய இரண்டு பக்கமும் வெறுமையாக இருந்தன. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று தேர்வாளர் கேட்டிருக்கிறார். பார்த்தாலே தெரியுமே என்று இவர் சொல்லியிருக்கிறார். விடைப்பட்டியலை முன்கூட்டியே பார்த்துவிட்டார் என்று நினைத்த அந்த மனிதர், சோதனைகளுக்கான மதிப்பெண் கட்டங்களில் பூஜ்யமாகப் போட்டுக்கொண்டே போனார்.

இரண்டாம் முறை தேர்வு வந்தபோது உப்பக்காவுக்கு நாற்பத்தொன்பது வயது, எட்டு மாதம். இதற்குப் பிறகு வாய்ப்பு கிடையாது. பதவி உயர்வு எதற்கு என்று அண்ணி கேட்டபோது அவர் சம்பளத்தைப் பற்றிப் பேசவில்லை. இருபத்திரண்டு வருடமாக உப்பு நிரப்புவது நான், ஆய்வகப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது வேறு யாரோ என்றார். அது உள்ளே உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது.

பயிற்சி கொடுத்தது கணவர். அவர் தையல்காரர். வேதியியலோடு அவருக்கு இருந்த ஒரே சம்பந்தம் சட்டையில் பட்ட ஆசிட் ஓட்டைகளுக்கு ஒட்டுப் போட்டதுதான். சாப்பிடும்போது உப்பு டப்பாவைத் தள்ளி வைப்பார்.

“இது என்ன?”

“சோடியம் குளோரைடு.”

“தப்பு.”

“எப்படிங்க தப்பாகும்?”

“சோதனை செஞ்சியா? எழுதினியா? அப்புறம் என்ன, பார்த்தாலே தெரியுமா? நான்கூட உன்னைப் பார்த்துட்டு அமைதியான பொண்ணுன்னுதான் நினைச்சேன்.”

சொந்தக் கல்லூரியில் தேர்வு எழுத அனுமதி கிடையாது. வேறொரு கல்லூரியின் ஆய்வகத்தில் மேசை ஒதுக்கியிருந்தார்கள். உள்ளே போனதும் உப்பக்காவின் கண் முதலில் கழுவுதொட்டிக்குப் போனது. டியூப் தேய்க்கும் பிரஷ் முடி கொட்டி வழுக்கையாகக் கிடந்தது. அந்த ஆய்வகத்து அட்டெண்டர் பெரிய மீசைக்காரர். வந்திருப்பது தன்னைப்போல டியூப் கழுவும் இனம் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். ஏழாம் எண் குப்பியை இவர் மேசையில் வைத்தார். பக்கத்தில் தீக்குச்சிகளையும் வைத்தார், தீப்பெட்டியின்மேல் வரிசையாக ஆறு.

அட்டெண்டர்களுக்குள் அது ஒரு பாஷை. உப்பில் இருக்கும் உலோகங்களை ஆறு குரூப்பாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் குரூப்பில் தொடங்கி வரிசையாகச் சோதித்துக்கொண்டே போக வேண்டும். எத்தனை குச்சியோ அத்தனையாவது குரூப். ஆறு என்றால் மக்னீசியம். இந்தப் பாஷையைத் தான் ஒருபோதும் பேசியதில்லை என்று உப்பக்கா சத்தியம் செய்ய மாட்டார்.

குச்சி எதற்கு? குப்பியைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. நிறமில்லாத சின்னச் சின்ன ஊசிகள், சாய்த்தால் சரசரவென்று விழுந்தன. மக்னீசியம் சல்பேட். அச்சு அசலாக அதைப்போலவே இருக்கும் ஜிங்க் சல்பேட் பழசானால் கட்டி தட்டிவிடும், இதில் கட்டியே இல்லை. தாளின் மூலையில் பென்சிலால் விடையை எழுதிவிட்டு, கணவரின் குரல் காதில் விழ, ஒன்றாம் சோதனையிலிருந்து ஆரம்பித்தார்.

சல்பேட் என்பது உடனே உறுதியானது. உலோகத்துக்கு வந்தார். முதல் குரூப், ஒன்றுமில்லை. இரண்டு, மூன்று, ஒன்றுமில்லை. ஒவ்வொன்றையும் ஒழுங்காக எழுதினார். நான்காம் குரூப்புக்காக அழுகிய முட்டை நாற்றமடிக்கும் வாயுவைச் செலுத்தினார். சும்மா ஒரு சடங்காகத்தான். கரைசல் தெளிவாகவே இருக்க வேண்டும். டியூபுக்குள் அழுக்கு வெள்ளையாக ஒரு படிவு இறங்கியது.

அது ஜிங்குக்கான அடையாளம். ஆனால் உப்பக்காவுக்கு முதலில் வந்தது கோபம். டியூப் சரியாகக் கழுவவில்லை! வாழ்நாளில் லட்சம் டியூப் கழுவியவருக்கு வேறு என்ன தோன்றும்? அந்த வழுக்கைப் பிரஷ்ஷை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வேறு டியூபை எடுத்துத் தன் முறைப்படி மூன்று தண்ணீரில் அலசி, கடைசியாகக் காய்ச்சி வடித்த நீர் விட்டுக் கழுவி, எல்லாவற்றையும் மறுபடி செய்தார். மறுபடியும் வெள்ளை.

இருபத்தைந்து நிமிடம் மீதியிருந்தது. கண் ஆறு என்றது. குச்சியும் ஆறு என்றது. டியூப் நான்கு என்றது. பேசாமல் ‘படிவு இல்லை’ என்று எழுதிவிட்டு ஆறாம் குரூப்புக்குப் போய்விடலாம். யாரும் கேட்கப் போவதில்லை. பேனாவை அந்த வரியில் வைத்தும் விட்டார். எழுத வரவில்லை. பார்த்ததை எழுதாமல் போனதற்குத்தானே போன தடவை பூஜ்யம் வாங்கினோம், இப்போது பார்க்காததை எழுதுவதா என்று இருந்தது.

சாம்பல் சோதனை நினைவுக்கு வந்தது. வடிகட்டும் தாளை உப்புக் கரைசலில் நனைத்து, கோபால்ட் நைட்ரேட் இரண்டு சொட்டு விட்டு எரிக்க வேண்டும். மக்னீசியம் என்றால் சாம்பல் இளஞ்சிவப்பு, ஜிங்க் என்றால் பச்சை. தாள் எரிந்து சுருண்டது. பச்சை.

மூலையில் இருந்த பென்சில் எழுத்தை அழித்துவிட்டு ‘ஜிங்க் சல்பேட்’ என்று மையால் எழுதினார்.

தேர்வாளர் ஒரு நடுத்தர வயது அம்மையார். ஒவ்வொரு மேசையாக வந்து, கையிலிருந்த விடைப்பட்டியலோடு தாளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். உப்பக்காவின் தாளைப் புரட்டியவர் சோதனைகள் அழகாக எழுதப்பட்டிருப்பதைப் பார்த்துத் தலையசைத்தார். கடைசி வரியில் நின்றார்.

“ஏழாம் எண் மக்னீசியம்மா. இவ்வளவு ஒழுங்கா செஞ்சிட்டு எங்க தப்பு விட்டீங்க?”

நான்கு அடி தள்ளி நின்ற மீசைக்காரர் கண்ணாலேயே கெஞ்சினார். ஆமாம் என்று சொல்லிவிடுங்கள் அக்கா, பாதி மதிப்பெண்ணாவது கிடைக்கும் என்கிற மாதிரி. அந்தப் பாதி போதாது என்பது உப்பக்காவுக்குத் தெரியும்.

“நானும் முதல்ல அதைத்தான் நினைச்சேன் மேடம். பென்சில்ல எழுதிக்கூட வெச்சேன். ஆனா உப்பு ஒத்துக்கல.”

சொல்லிவிட்டு இன்னொரு வடிதாளை நனைத்து, சொட்டு விட்டு, பெட்டியின்மேல் மிச்சமிருந்த குச்சிகளில் ஒன்றை உரசினார். தேர்வாளர் குனிந்து சாம்பலைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி ஒருமுறை, போட்டுக்கொண்டு ஒருமுறை. பிறகு மீசைக்காரரிடம் பெரிய பாட்டில்கள் இரண்டையும் கொண்டுவரச் சொன்னார். பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரட்டைப் பிள்ளைகள். லேபிள்களை ஆசிட் புகை தின்றிருந்தது, ‘சல்பேட்’ மட்டும்தான் மிச்சம். மீசைக்காரர் பாட்டில் மாறிக் கொட்டியிருந்தார். ஜிங்க் பாட்டில் போன வாரம்தான் சீல் உடைத்துத் திறந்தது, அதனால்தான் கட்டி இல்லை.

தேர்வாளர் யாரையும் திட்டவில்லை. ஏற்கெனவே திருத்தி வைத்த தாள்களைக் கலைத்துத் தேடி ஒன்றை உருவினார். ஏழாம் எண் வாங்கிய இன்னொருவரின் தாள். அவரும் ஜிங்க் என்றுதான் எழுதியிருந்தார். அதன்மேல் சிவப்புக் கோடு இழுத்திருந்தது. அதை அடித்து, மதிப்பெண்ணை மாற்றிக் கையெழுத்துப் போட்டார். உப்பக்கா அந்தச் சிவப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வெளியே கிளம்பும்போது மீசைக்காரர் பின்னால் ஓடிவந்தார்.

“அக்கா, நம்ம ஆளாச்சேன்னு ஒரு உதவி செய்யலாம்னு பார்த்தேன்.”

“புரியுதுண்ணே. லேபிள் மேல உருக்கின மெழுகைத் தடவி வைங்க, ஆசிட் புகை அண்டாது. அந்தப் பிரஷ்ஷையும் மாத்துங்க.” இரண்டடி நடந்தவர் திரும்பினார். “தீக்குச்சி பெட்டிக்குள்ளயே இருக்கட்டும்.”

முடிவு ஐந்து வாரத்தில் வந்தது. தேர்ச்சி. கணவர் புது வெள்ளைக் கோட்டு தைத்துக் கொடுத்தார். அமைதியான பெண்ணுக்கு என்று சொல்லிக் கொடுத்தார்.

உதவியாளராக முதல் வாரம் முழுக்க உப்பக்கா செய்தது ஒரே காரியம். தன் அலமாரியிலிருந்த நாற்பத்தெட்டு பாட்டில்களையும் ஒன்றுவிடாமல் சோதித்தார், கண்ணை நம்பாமல், ஒன்றாம் சோதனையிலிருந்து. அந்தச் சிவப்புக் கோடு அவரை விடவில்லை. நாற்பத்தேழு சரியாக இருந்தன. பேரியம் நைட்ரேட் என்று லேபிள் ஒட்டிய பாட்டிலிலிருந்து கொஞ்சம் எடுத்துச் சுடரில் காட்டியபோது, வெளிர் பச்சையாக எரிய வேண்டியது இரத்தச் சிவப்பாக எரிந்தது. ஸ்ட்ரான்ஷியம்.

துறைத்தலைவரிடம் போய்ச் சொன்னார். எத்தனை வருடமாக என்று அவர் கேட்டார்.

“தெரியல சார். ஆனா கொட்டினது என் கைதான்.”

சரி விடுங்கள், பாட்டிலை மாற்றிவிட்டால் போயிற்று, இதையெல்லாம் யார் கேட்கப்போகிறார்கள் என்றார் அவர். உப்பக்கா பாட்டிலை மாற்றினார். அப்புறம் பதிவேட்டை எடுத்து, இருப்பது ஸ்ட்ரான்ஷியம் என்றும், எத்தனை தேர்வுகளுக்குப் போனது என்று தெரியவில்லை என்றும் எழுதினார். கீழே முதல்முறையாகத் தன் கையெழுத்தைப் போட்டார்.