என்னை எதிர்த்து வாதாடிய சாகுல் வக்கீல்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, புதுவாயல் கூட்டுரோட்டில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது என் மகளின் அப்பா செல்போனில் கூப்பிட்டார். விவாகரத்தாகி நான்கு வருடமாகிறது. வார நாளில் கூப்பிடுகிற வழக்கமில்லை. "கவிதா, நம்ம சாகுல் வக்கீல் பூட்டாரு. விடியக்காலைல நெஞ்சுவலியாம்" என்றார். சாகுல் ஹமீது அவருடைய வக்கீல். கோர்ட்டில் எனக்கு எதிராக நின்றவர். ஆனாலும் அந்த 'நம்ம' எனக்கு உறுத்தவில்லை. பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே அழுதேன்.

அவரை அறிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. நான் அவரிடம் போய் நின்றதே ஒரு கூத்து. நானும் என் கணவரும் கும்மிடிப்பூண்டியில் ஒரே கம்பெனி. பிரிந்தபோது மகளுக்கு ஐந்து வயது. அவள் யாரிடம் வளர்வது என்பதுதான் வழக்கு. நல்ல வக்கீலாகச் சொல்லுங்கள் என்று கேன்டீன் மேஸ்திரியைக் கேட்டேன். அந்த மகராசன் என் கணவருக்குச் சொன்ன அதே விலாசத்தை எனக்கும் சொல்லி அனுப்பிவிட்டார்.

திருவள்ளூர் கோர்ட்டுக்குப் பின்னால் ஒரு மாடியறை. பெயரையும் கம்பெனியையும் சொன்னதுமே சாகுல் வக்கீல் கையைத் தூக்கித் தடுத்தார். "நிறுத்தும்மா. உன் ஊட்டுக்காரரு முந்தாநேத்தே எனக்கு வக்காலத்து குடுத்துட்டாரு. நீ மேல ஒரு வார்த்த பேசினாலும் தப்பாயிடும்."

அதற்கு முன் இரண்டு வக்கீல்களைப் பார்த்திருந்தேன். ஒருவர் கணவர் மேல் இல்லாத பழியை எழுதச் சொன்னார். இன்னொருவர் என்னை முழுதாகப் பேசவே விடவில்லை. "அப்ப நான் யாராண்டதான் போறது?" என்று கத்திவிட்டேன்.

"எதிர்த் தெருவுல தனலட்சுமின்னு ஒரு அம்மா இருக்காங்க. என்னையே ரெண்டு தபா தோக்கடிச்சவங்க. அவங்களாண்ட போ" என்று துண்டுச்சீட்டில் எழுதித் தந்தார்.

அதற்காகக் கோர்ட்டில் விட்டுக்கொடுத்தார் என்று நினைக்க வேண்டாம். கூண்டில் நின்ற என்னிடம், "நீங்க செகண்ட் ஷிப்டுல இருக்கும்போது குழந்தை யார்கிட்ட இருக்குது?" என்று கேட்டார். பக்கத்து வீட்டில் என்றேன். "அவங்க ஊருக்குப் போய்ட்டா?" என்று அடுத்த கேள்வியைப் போட்டார். பஸ்ஸில் வீடு வரும்வரை அவரைத் திட்டித் தீர்த்தேன்.

ஆனால் மறுநாளே மேனேஜர் முன்னால் போய் நின்றேன். ஒரு மாதம் விடாமல் நச்சரித்து ஜெனரல் ஷிப்டுக்கு மாறினேன். தனலட்சுமி மேடம் அதைக் கோர்ட்டில் எடுத்து வைத்தார். மகள் என்னிடம் வந்தாள், ஞாயிறுதோறும் அப்பாவிடம். தீர்ப்பன்று தோற்ற வக்கீல் எங்கள் இருவரையும் வராந்தாவில் நிறுத்தினார். "கேஸ் முடிஞ்சிபோச்சி. நான் கேட்ட கேள்வி முடியல. புள்ள யாராண்ட இருக்குதுன்னு தெனமும் கேட்டுக்கினே இருங்க" என்றார்.

அவர் இறந்த அன்று சாயங்காலம், பழவேற்காட்டில் சாகுல் வக்கீல் வீட்டு வாசலில் நானும் மகளின் அப்பாவும் தள்ளித் தள்ளித்தான் நின்றிருந்தோம். ஜனாஸா பெட்டியைத் தூக்க ஆள் கூடும்போது மணி நான்கரை. ஆறு மணிக்கு மகளுக்கு டியூஷன் விட்டுவிடும். நான் அவள் அப்பாவைப் பார்த்தேன். அவரும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பாப்பாவ இட்டார யாரு போறது?"

இருவரும் ஒன்றாகக் கேட்டுவிட்டோம்.

"நீ கடைசி வரைக்கும் இரு. நான் போறேன்" என்று அவர் வண்டியை எடுத்தார்.

அன்று செவ்வாய்க்கிழமை. தீர்ப்பின்படி அவர் முறை இல்லை. போங்கள் என்றேன். சாகுல் வக்கீலிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு கேள்வியைத்தான். அதற்குப் பதில் சொல்ல இப்போது இரண்டு பேர் இருக்கிறோம்.