பழுது பார்த்த வீடு

துருப்பிடித்த ஒரு தாழ்ப்பாளை என் மேசைமேல் வைத்துவிட்டுத்தான் பெரிய சயாமா உட்கார்ந்தார். மாணவிகளின் கழிப்பறைக் கதவிலிருந்து கையோடு கழன்று வந்ததாம். கியாக்டடாவில் எங்கள் வட்டாரப் பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியை அவர். ஆசிரியையை ரங்கூன் தமிழர்கள் நாங்களும் சயாமா என்றுதான் கூப்பிடுவோம். நான் அப்போது நகராட்சியின் வீட்டு வரிப் பிரிவில் மதிப்பீட்டு எழுத்தர். பள்ளிக் கட்டடத்தின் பராமரிப்புக்கு அந்த வரியிலிருந்துதான் பங்கு போகும்.

“பெரிய பொண்ணுங்க காலையிலேருந்து தண்ணியே குடிக்காம உக்காந்திருக்குதுங்க தம்பி. அப்புறம் ஒவ்வொண்ணா படிப்ப விட்டு நின்னுடுதுங்க. ரெண்டு கக்கூஸ் கட்டிக் குடுத்தாப் போதும்,” என்றார்.

பணம் இல்லை என்றேன். பொய்யில்லை. ஏன் இல்லை என்பதைத்தான் சொல்லவில்லை.

பழைய வீட்டின் வரியை ஒரு வரம்புக்கு மேல் ஏற்ற முடியாது; இடித்துப் புதிதாகக் கட்டினால்தான் புது மதிப்பீடு. இது தெரியாத வீட்டுக்காரர் எங்கள் தெருவில் கிடையாது. முன்சுவரையும் வாசல் நிலையையும் மட்டும் விட்டுவைத்து, பின்னால் மாடிமேல் மாடியாக எழுப்புவார்கள். நாங்கள் போய்ப் பார்த்து, அவர்கள் கொடுக்கும் தேநீரைக் குடித்துவிட்டு, ‘பழுது பார்த்தது’ என்று எழுதிவிட்டு வருவோம். எட்டு மாடிக் கட்டடம் மர வீட்டின் வரியைக் கட்டிக்கொண்டிருக்கும். காசு வாங்கியதில்லை என்று எனக்குப் பெருமை வேறு. வெட்கங்கெட்ட பெருமை.

சயாமா விடவில்லை. தெருத் தெருவாக நடந்து, அப்படி எழும்பிய வீடுகளையெல்லாம் தன் கையாலேயே எழுதி, மறுமதிப்பீடு கேட்டு மனுவாகக் கொண்டுவந்தார். அதில் நான்காவது என் வீடு. அப்பா விட்டுப்போன மர வீட்டின் முன்சுவருக்குப் பின்னால் நான் மூன்று மாடி எழுப்பியிருந்தேன். அது என் வீடு என்று அவருக்குத் தெரியுமா தெரியாதா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. “நீங்க நம்ம ஆளு, பாத்துச் செய்வீங்க,” என்று மட்டும் சொன்னார். அவர் படியிறங்கியதும் ‘நடவடிக்கை தேவையில்லை’ என்று குறிப்பெழுதி மேலே அனுப்பினேன். மேலே யாரும் மறுக்கவில்லை. அவர்களுக்கும் வீடுகள் இருந்தன.

சயாமா ஓய்வுபெற்று, காலமாகியும்விட்டார். கழிப்பறை கட்டப்படவே இல்லை. நானும் ஓய்வில் இருக்கிறேன், அந்த மாடிகளின் வாடகையில்தான் சாப்பிடுகிறேன். மூன்றாம் மாடியில், நகரத்தின் ஓரத்தில் ஷ்வேப்யிதாவில் இருக்கிற தையல் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிற ஒரு பெண் குடியிருக்கிறாள். நம் தமிழ்ப் பெண்தான், சூட்டிகையானவள். போன மாதம் வாடகை கொடுக்க வந்தவளிடம், எதுவரை படித்தாய் என்று சும்மா கேட்டுவைத்தேன்.

“ஏழோட நின்னுட்டேன் மாமா. நம்ம வட்டார ஸ்கூல்தான்.”

ஏன் என்று கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன்.

“பெரியவளான பொறகு அங்க ஒதுங்க எடமில்ல மாமா,” என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். பிறகு வாடகைப் பணத்தை, பர்மா வழக்கப்படி இரண்டு கைகளாலும் பிடித்து மரியாதையாக நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன்.