யூசுஃப் பாய் எடுத்துவிட்ட டேக்

யூசுஃப் பாய் போய்விட்டார். காலையில் ஆம்பூரிலிருந்து மெசேஜ்.

தொழுதுவிட்டு வந்து டீ கேட்டவர், நாற்காலியில் சாய்ந்தபடியே போயிருக்கிறார். ஆஸ்பத்திரி, ட்யூப் எதுவும் இல்லை. அழுகைக்கு நடுவிலும் அதில் ஒரு நிம்மதி...

ஷூ கம்பெனிகளில் வேலை பார்க்கிற எங்கள் பக்கத்து ஆட்கள் கேள்வி கேட்டுப் பதில் சொல்லிக்கொள்ளும் வெப்சைட் ஒன்று உண்டு. கேள்வி எதைப் பற்றியது என்று யார் கேள்விக்குக் கீழேயும் யாரும் ஒரு வார்த்தை, அதாவது டேக், போடலாம். வேண்டாத டேக்குகளைத் தேடித்தேடி எடுப்பவர் பாய். சம்பளம் கிடையாது, நன்றி அதைவிடக் கம்மி.

கையுறை எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்கு 'பிரியாணி' என்று டேக் போட்ட புண்ணியவான்கள் எல்லாம் உண்டு. "ஆம்பூர்னு பாத்தாலே இவனுங்களுக்குப் பசிக்குது" என்று எழுதிவிட்டு எடுத்தார்.

எனக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த சமயம். கம்பெனியில் பசை ஒட்டுகிற வேலை. இரண்டு உள்ளங்கையும் உரிய ஆரம்பித்தது. இது எதனால் என்று அதே வெப்சைட்டில், சொந்தப் பெயரிலேயே கேட்டுத் தொலைத்தேன்.

மறுநாள் பார்த்தால் என் கேள்விக்குக் கீழே 'தொழுநோய்' என்று ஒரு டேக். என் பெயரைத் தேடினால் முதலில் அதுதான் வந்தது. மாப்பிள்ளை வீடு அரக்கோணம்; பெண்ணைப் பற்றித் தேடிப் பார்க்காமலா இருப்பார்கள்? எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பாய்க்கு எழுதினேன். மதியமே போன் வந்தது.

"எடுத்துட்டேம்மா, பேஜார் ஆவாத. விசாரிச்சேன், போட்ட பொண்ணு செக்கராம். சந்தேகம் வந்தா ஒட்டிடுன்னு சொல்லிச் சொல்லி வளத்துட்டோம். ஷூவுல ஒட்டுற மாதிரியே இங்கயும் ஒட்டிட்டா."

எங்கள் லைனில் அப்படித்தான். பழுதோ என்று தோன்றினாலே செக்கர் ஒரு சின்ன அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார். நல்ல ஷூ என்றால் பாக்கிங்குக்கு முன் அதை எடுத்தாக வேண்டும். கம்பெனியிலும் பாய்க்கு அந்த வேலைதானாம்.

"அந்த நோய்க்கும் மருந்து இருக்கு, அதுல அசிங்கம் ஒன்னும் இல்ல. ஆனா நீ கேட்டது அது இல்லியே. போய் டாக்டராண்ட கைய காட்டு" என்றார்.

டாக்டர் பசை அலர்ஜி என்றார். கல்யாணமும் நடந்தது. டேக் விஷயம் மட்டும் வீட்டில் நான் மூச்சு விட்டதில்லை.

இன்று நான் அழுவதைப் பார்த்து, இறந்தது யார் என்று வீட்டுக்காரர் கேட்டார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அந்த டேக்க நான் பாத்தேன்" என்றார்.

"இன்னாங்க சொல்றீங்க?"

"நிச்சயத்துக்கு முன்னாடியே பாத்துட்டேன். எங்க அம்மா கண்ணுல பட்டா சம்மந்தமே வேணாம்னுடுவாங்களேன்னு பயந்துனு இருந்தேன். சாயங்காலம் பாத்தா இல்ல... அப்பாடான்னு ஆச்சு. எடுத்தது இவரா?"

"இவருதாங்க."

எழுந்து போய் வண்டிச் சாவியை எடுத்தார்.

"கெளம்பு, அடக்கத்துக்குப் போய்ட்டு வந்துடலாம்."

வருகிறோம் பாய்... ரெண்டு பேருமே.