தலகோனா அருவிப் பாதையில் வந்த தேன்

என் மகள் ஷைனிக்குச் சின்ன வயதிலேயே சர்க்கரை நோய் வந்துவிட்டது. தினமும் இன்சுலின் ஊசி. அன்றிலிருந்து ஆந்திராவில் பாகாலாவில் இருக்கிற எங்கள் வீட்டில் ஆளாளுக்கு அவளுக்கு வேலி போட்டார்கள். பள்ளிச் சுற்றுலா கூடாது, கபடி கூடாது, கல்யாண வீட்டில்கூட ஓரமாக உட்கார வேண்டும். பன்னிரண்டு வயதில் பிள்ளை கிழவி மாதிரி ஆகிவிட்டாள். நான் அழுது அழுது ஓய்ந்து, கடைசியில் கோபத்தில்தான் எழுந்தேன்.

போன டிசம்பரில், பரீட்சை முடிந்த சனிக்கிழமை, தலகோனா அருவிக்குப் போகலாம் என்றேன். நேஷனல் பார்க், மான் பார்க்கலாம் என்றதும் அவள் முகமே மாறிப்போனது. என் நாத்தனார் விடுவாரா?

"சக்கர நோவு புள்ளைய காட்டுக்கு இட்டுக்கினு போறியே, எதுனா ஆச்சின்னா இன்னா பண்ணுவ?"

"கர்த்தர் காட்டுலயும் கீறாரு அண்ணி," என்றேன்.

காலை ஊசி போட்டு, டிபன் சாப்பிட்டுவிட்டு மலைப்பாதையில் ஏறினோம். பாதி தூரத்தில் ஒரு குரங்கு என் கையிலிருந்த சாப்பாட்டுப் பையைப் பறித்துக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. ஊசி போட்ட பிள்ளைக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கினால் உடனே இனிப்பு கொடுக்க வேண்டும். அதற்கான குளுக்கோஸும் அந்தப் பையில்தான் இருந்தது. முதலில் இருவரும் சிரித்தோம். திரும்பி இறங்கலாம் என்று நான் சொல்லும்போதே ஷைனி நின்றுவிட்டாள்.

"மா, கை நடுங்குதுமா. கண்ணு மங்கலா கீது."

பாறையில் உட்காரவைத்தேன். சட்டை வியர்வையில் நனைந்துவிட்டது. போனில் சிக்னல் இல்லை. அவளைத் தூக்கிக்கொண்டு இறங்க என்னால் ஆகாது. அவள் தலை என் தோளில் சாய்ந்தது. அப்போதும் நான் கெஞ்சவில்லை. சத்தமாகவே கேட்டேன். "ஆண்டவரே, வேணாம்னு சொன்னவங்கதான் ஜெயிக்கணுமா? புள்ளைய நீர்தானே குடுத்தீர்? இப்பவே வாரும். அப்புறம் வேணாம்."

மேலேயிருந்து காலடிச் சத்தம் கேட்டது. தலையில் கூடையோடு ஒரு மலைவாசிப் பெண் இறங்கி வந்தாள். "ஏமாயிந்தம்மா?" என்று தெலுங்கில், என்ன ஆச்சு என்று கேட்டாள். சொன்னேன். கூடைக்குள் கைவிட்டு ஒரு பாட்டிலை எடுத்தாள். கீழே விற்கக் கொண்டுபோகிற தேன். இத்தனை வருஷமாக ஷைனியின் கண்ணிலேயே நாங்கள் காட்டாத தேன். விரலில் தொட்டு அவள் கன்னத்துக்கு உள்ளே தடவினேன். நக்கினாள். இன்னும் கொடுத்தேன், விழுங்கினாள். கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து, "நல்லா கீதுமா, இன்னும் குடு," என்றாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

கைப்பையிலிருந்த சர்க்கரை பார்க்கிற மெஷினில் பார்த்தேன், சர்க்கரை ஏறியிருந்தது. கீழே போய் இட்லி சாப்பிட்டு, நன்றாக உட்கார்ந்து ஓய்வெடுத்து, கடையில் குளுக்கோஸ் வாங்கிக்கொண்டு மறுபடியும் ஏறினோம். ஆமாம், ஏறினோம். அருவித் தண்ணீரில் நின்று என் மகள் போட்ட கூச்சலில் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

சபையில் இதைச் சொன்னபோது எல்லாரும் அல்லேலூயா என்றார்கள். நாத்தனார் மட்டும், "ஆண்டவரு ஒரு தபா காப்பாத்திட்டாரு, இனிமேனா ஊட்லயே வெச்சிக்கோ," என்றார்.

மாட்டேன். இப்போது குளுக்கோஸ் ஷைனியின் பாக்கெட்டிலேயே இருக்கிறது, அந்தப் புத்தி எனக்கு வந்துவிட்டது. நோயுள்ள பிள்ளையை வைத்துக்கொண்டு பயந்து கிடக்கிற தாய்மாரே, மருந்தையும் எடுத்துக்கொள்ளுங்கள், ஜெபத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெளியே வாருங்கள். பூட்டி வைப்பதற்காக ஆண்டவர் என் மகளைத் திருப்பிக் கொடுக்கவில்லை.