ஒரு சாண் தூரத்தில் வண்டு

1993 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, காலை 6.20. குரோம்பேட்டையில் தாம்பரம் மின்சார ரயிலில் ஏறினோம், நானும் மகள் ஷீலாவும். விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பூவில் அமரும் பூச்சிகள் பத்தைப் படமெடுத்துக் கல்லூரியில் தர வேண்டும். எட்டு முடிந்திருந்தது. ஒன்பதாவதைத் தேடிப் போனபோது, மூன்று வாரம் முன்பு, வண்டலூர்ப் புதரில் அவள் முழங்கை குளவிக்கூட்டில் இடித்துவிட்டது. குளவிகள் கொட்டி முகம் வீங்கி, ஒரு கண் மூடிப்போய், இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். இனித் தனியாகப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

6.45. தாம்பரம் கிழக்கு. செம்பாக்கம் ஏரிக்கு ஆட்டோ முப்பது ரூபாய்.

"காலங்காத்தால ஏரியாண்ட இன்னாம்மா வேலை?" என்றார் டிரைவர்.

"பூச்சியைப் படம் எடுக்கறோம்."

"அதுக்கு இம்மாந்தூரமா? எங்க வூட்டாண்ட வா, கொசு கீது. எத்தினி வேணா எடுத்துக்க."

ஷீலா சிரித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அன்றுதான் சிரித்தாள்.

7.15. கரையோரம் எருக்கஞ்செடி, நிழலில். பூவுக்குப் பூ தாவும் கருவண்டு. லென்ஸுக்குப் பின்னால் ஒரு வளையம் மாட்டிக் கிட்டத்தில் போனாள். பிலிம் வேகம் நூறு, ஷட்டர் நொடியில் அறுபதில் ஒரு பங்கு, லென்ஸ் துவாரம் பதினாறு. ப்ளாஷ் போடும்போது ஷட்டரை அதைவிட வேகமாக வைத்தால் பாதிப் படம் கறுத்துவிடுமாம். கைக்குட்டை சுற்றிய ப்ளாஷ், ஒயரோடு, என் கையில். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும்.

மூன்று முறை மின்னியது. மூன்று முறையும் அவள் உதட்டைக் கடித்தாள்.

"ம்மா, ஏன் கையப் பின்னால இழுக்கற? ஒரு சாண் தூரத்துல இருக்கணும். இல்லன்னா இருட்டாத்தான் விழும்."

"கொட்டிடுச்சுன்னா?"

"நீ என் மூஞ்சியவே பாத்துட்டிருக்க. பூவப் பாரும்மா."

பார்த்தேன். கேமராவைப் பிடித்திருந்த அவள் விரல்களும் கண்ணில் பட்டன.

"உனக்கும் நடுங்குதேடி!"

"நடுங்கட்டும். ப்ளாஷ் கண் இமைக்கறதுக்குள்ள போயிடும். நடுக்கம் படத்துல வராது. வெயில் வந்துட்டாத்தான் கஷ்டம், அந்த வெளிச்சத்துல நடுக்கமும் சேந்து விழுந்துடும்."

மூன்று வாரமாக நடுங்கியது நான் மட்டுமே என்று நினைத்திருந்தேன். கையை நீட்டினேன். வண்டின் இரைச்சல் மணிக்கட்டில் அதிர்ந்தது. இழுக்கவில்லை. ஆறு படம் எடுத்தாள்.

9.40. பஸ்ஸில் தாம்பரம் திரும்பினோம். பத்தாவது பாக்கி இருந்தது: குளவி.

"வண்டலூர் போயிட்டு வரேம்மா. தனியா."

"அங்கேயேவா?"

"இந்த வாட்டி முதல்ல கூடு எங்கன்னு பாப்பேன். அப்புறம்தான் பூ, அதுவும் நிழல்ல இருக்கறதா."

எனக்குச் சொல்லத் தோன்றியிருந்த புத்திமதி எல்லாம் அந்த ஒரு பதிலில் அடங்கிவிட்டது. ப்ளாஷைக் கொடுத்தேன். அவள் ஜி.எஸ்.டி. சாலையில் பஸ் ஏறும்வரை பார்த்தேன்.

பிறகு ஸ்டேஷனுக்கு வந்தேன். வண்டலூர்ப் பக்கமே பார்த்துக்கொண்டு, குரோம்பேட்டை வழியாகக் கடற்கரை போகும் ரயில்கள் இரண்டை விட்டுவிட்டேன். மூன்றாவதில் ஏறினேன்.