மதிலில் நடந்தவனும் மேசையில் இருந்தவனும்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்கள் சிரிப்பது தெரிகிறது, சிரித்துக்கொள்ளுங்கள், போன வருஷம் வரை நானும் உங்கள் கட்சிதான். ஜெர்மனியில் வால்டோர்ஃப் என்கிற ஊரில் மென்பொருள் வேலை, அடுத்தவர் செய்த தப்பைக் கண்டுபிடிக்கிற பிழைப்பு. எதற்கும் ஒரு காரணம் இருந்தே தீரும் என்று நம்பித்தான் சம்பளம் வாங்குகிறேன்.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை ஊர் சுற்ற என்னைக் கூப்பிட்டதே டிக்கெட்டுக்காகத்தான். இங்கே ஐந்து பேர் வரை சேர்ந்து போகிற ரயில் டிக்கெட் உண்டு, போகிறவர்கள் பெயரையெல்லாம் அதில் எழுத வேண்டும். என்னோடு வேலை பார்க்கும் கார்த்திக், அவன் மனைவி பிரியா, இன்னொரு நண்பன் செல்வம், அவன் மனைவி தீபா என்று நாலு பெயர் எழுதியாகிவிட்டது, ஐந்தாவது கோடு காலி. சும்மாதானே இருக்கிறீர்கள், வாருங்கள் என்றான் கார்த்திக். உண்மைதான், சும்மாதான் இருந்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதி புரியாது. என் மனைவி எப்போது வருகிறாள் என்று யார் கேட்டாலும் விசா அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவில்லை என்பேன். இங்கே அதைச் சொன்னால் யாரும் மேலே தோண்ட மாட்டார்கள், கூடச் சேர்ந்து தூதரகத்தைத் திட்டுவார்கள். ஒன்றரை வருஷம் அந்தப் பொய்யிலேயே ஓட்டிவிட்டேன். அவள் விண்ணப்பிக்கவே இல்லை. வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டாள், வக்கீல் நோட்டீசும் வந்துவிட்டது. இதை நான் ஒருவரிடமும் வாய் திறந்து சொன்னதில்லை.

நாங்கள் போனது நோர்ட்லிங்கென். ஊரைச் சுற்றி வட்டமாகப் பழைய கோட்டை மதில், மேலே கூரை போட்ட நடைபாதை, நடந்துகொண்டே இருந்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். மதில் ஏறும் படியில் ஷூ லேசைக் கட்டக் குனிந்தேன், நிமிர்ந்து மேலே போனால் நாலு பேரையும் காணோம். என் போன் பிரியாவின் பையில், பவர்பேங்கில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. வட்டம்தானே, எதிர்ப்பக்கமாகப் போனால் எங்காவது முட்டிக்கொள்ளத்தானே வேண்டும் என்று நடந்தேன்.

நம்பினால் நம்புங்கள், பட்டப்பகலில், சுற்றுலா ஊரில், முழுச் சுற்றில் ஒரு மனிதரைக்கூட நான் பார்க்கவில்லை. இரண்டாவது சுற்றும் போனேன். ஓரிடத்தில் கீழே தெருவில் பிரியாவின் சிரிப்புக் கேட்டது, அவசரமாக இறங்கிப் பார்த்தால் எல்லாக் கதவுகளும் சாத்திக் கிடந்தன. பயமெல்லாம் இல்லை. என்னைக் காணோமே என்று நாலு பேரில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லையா என்றுதான் இருந்தது. மறுபடி மேலே ஏறிச் சுவரோரம் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

டிக்கெட் கார்த்திக்கிடம், அது இல்லாமல் திரும்ப முடியாது. பேசிவைத்திருந்த நாலரை மணி ரயிலுக்கு ஸ்டேஷனுக்குப் போனேன். நாலு பேரும் நின்றிருந்தார்கள். நான் சண்டைக்கு வாயெடுப்பதற்குள் பிரியா என் போனைக் கையில் கொடுத்து, தண்ணீர் வாங்கப் போனவருக்கு இவ்வளவு நேரமா என்றாள். எந்தத் தண்ணீர், நான் காலையிலிருந்து மதில்மேல் அல்லவா தனியாகச் சுற்றுகிறேன் என்றேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கார்த்திக் என் தோளில் கை வைத்தான்.

"வொய்ஃப் விஷயத்தை முன்னாடியே எங்ககிட்ட சொல்லியிருக்கலாம்ல. இத்தனை நாள் தனியா வச்சுக்கிட்டு இருந்தீங்களே."

யார் சொன்னது என்று கேட்டேன், நீங்கள்தானே மதியம் சாப்பிடும்போது சொன்னீர்கள் என்றான். ரயிலில் தீபா தன் போனில் எடுத்திருந்த படத்தைக் காட்டினாள். மதியச் சாப்பாட்டு மேசை, நடுவில் நான், அன்றைக்குப் போட்டிருந்த அதே நீலச் சட்டை, அழுது முடித்த முகத்தோடு சிரிக்கிறேன். நேரம் ஒன்றேகால். அந்த நேரத்தில் நான் மதில்மேல் இருந்தேன், சத்தியமாக. இரண்டு குதிகாலிலும் கொப்புளம் இருந்தது, அதை யாரிடம் காட்டுவது? டாக்டரிடமும் போய்ப் பார்த்தேன், ஒரு கோளாறும் இல்லை என்றார்.

அதற்குப் பிறகு என்னை அவர்கள் தனியாக விடுவதே இல்லை. வெள்ளிக்கிழமையானால் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறார்கள், போகாவிட்டால் டப்பாவில் வீட்டுக்கு வருகிறது. சாப்பிடுகிறேன். ஆனால் ஒவ்வொரு கவளத்திலும், இது அந்த மேசையில் மனசைத் திறந்தவனுக்கு வந்தது, எனக்கில்லை என்று தோன்றாமல் இல்லை. சொல்லப்போனால் அவன்மேல் எனக்குப் பொறாமைதான்.

போன மாதம் பிரியாவிடம் கேட்டே விட்டேன். அன்றைக்கு உங்களோடு இருந்தது நானில்லை என்று இத்தனை தடவை சொல்லியும் நீங்கள் யாரும் என்மேல் சலித்துக்கொள்ளவில்லையே, ஏன் என்று. அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள், தலையைக்கூடத் தூக்கவில்லை. நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"நீங்கதான் அன்னைக்கே சொல்லிட்டீங்களேண்ணா. 'கொஞ்ச நேரத்துல திரும்பி வருவேன், வந்ததும் எதுவுமே நடக்கலைன்னு சாதிப்பேன். அதுக்காக என்னை விட்டுடாதீங்க'ன்னு."