யாருக்குக் கொழுப்பு?

பரம்பரையாக ரத்தத்தில் கொழுப்பு மிகுந்து ஒருவர் இளவயதில் மாரடைப்பில் இறந்தால், உடன்பிறந்தவர்களையும் சோதிக்க வேண்டும் என்பது விதி. என் மருமகனின் அண்ணன் அப்படித்தான் இறந்தார். அண்ணனுக்கு இருந்த அதே மஞ்சள் கொழுப்புக் கட்டிகள் மருமகனின் முழங்கையிலும் இருந்ததால், ரத்தச் சோதனை கேட்டுப் பெரிய மருத்துவமனையில் முறைப்படி மனு கொடுத்தேன்.

எழுத்தர், என்னுடன் வந்த கரும்பு வெட்டும் மருமகனைப் பார்த்துச் சிரித்தார். “கரும்பு வெட்ற கையில காய்ப்பு இருக்காதாபா? ஒல்லியா கீறே, உனுக்கு இன்னா கொழுப்பு?”

கொழுப்பு யாருக்கு என்று எனக்குத் தெரிந்தது. பிறவியிலேயே வருவது ஒல்லி, குண்டு பார்க்காது என்றேன்.

“மேல அனுப்பறேன் சார், பதில் வரும்.”

அருவருப்போடு திரும்பினோம். இப்போது பேரப்பிள்ளைகளின் ரத்தத்தை, யார் அனுமதிக்கும் காத்திராமல், தனியார் ஆய்வகத்தில் சோதிக்கக் கொடுக்கிறேன். மருத்துவமனையின் அனுமதி, மருமகனின் கருமாதி அன்று வந்தது.